ஸ்பிரிங்கைக் கடைசியில் தொடு

“வேகம் போதவில்லை, கொஞ்சம் பலமான ஸ்பிரிங் போட்டுக் கொடுங்கள்.” சனிக்கிழமை காலையில் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் துப்பாக்கிப் பையின் ஜிப்பைத் திறப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். தென்ச்சோ சரி, சரி என்று கேட்டுக்கொள்வார். ஸ்பிரிங் இருக்கும் இழுப்பறைப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். துப்பாக்கியை வாங்கி, 0.2 கிராம் குண்டுகள் நிரப்பிய கடை மேகசினைச் செருகி, வேகமானிக்குள் பத்து முறை சுடுவார். பத்து எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வந்தவர் முன்னால் வைப்பார். “இதில் எந்த எண் உங்களுக்குப் போதவில்லை?”

ஜப்பானில் கடைத் தலைவரைத் தென்ச்சோ என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. டோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா மாவட்டத்தின் ஃபுனபாஷிப் பக்கம் உள்ள சின்னக் கடை அது. முன்னால் விற்பனை, பின்னால் ஒரு பழுதுபார்க்கும் மேசை. இந்தியர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாயில்தான் என் வீடும். தோசாய் ரயிலில் ஏறினால் நேராகப் போய் இறங்கிவிடலாம். மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதப் போன பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். அலுவலக நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்சாய் பக்கத்துக் காட்டுக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். விளையாட்டைவிட அந்தத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்துப்போனது. பழுதான ஒன்றைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தவன், பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். “பார்க்கலாம், தொடக் கூடாது” என்றார். கூலி கிடையாது, சான்றிதழ் கிடையாது. திருகுகளைக் கழுவித் துடைத்து நீளவாரியாக அடுக்கி வைப்பதில் ஆரம்பித்த படிப்பு.

துப்பாக்கி என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். ஏர்சாஃப்ட் என்பது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் காற்றால் தள்ளும் விளையாட்டுக் கருவி. ஜப்பானில் இந்த ஆட்டத்துக்கு சபாகே என்று செல்லப்பெயர். குண்டு பட்டவர் தானே “ஹிட்!” என்று கத்திக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும், நடுவர் பார்த்துச் சொல்ல முடியாத ஆட்டம் என்பதால் எல்லாம் நாணயத்தில் நடக்கிறது. பழைய துப்பாக்கிகள் பல வாயுக் குப்பியும் ரப்பர் குழாயுமாக இருந்தன. 1991-இல் டோக்கியோ மாருய் நிறுவனம் பிரெஞ்சு ராணுவத்தின் ஃபாமாஸ் வடிவில் மின்சாரத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. பேட்டரி, மோட்டார், பல்சக்கரங்கள், ஒரு ஸ்பிரிங். இன்று தைவானிலும் ஹாங்காங்கிலும் சீனாவிலும் செய்யப்படும் மின்சாரத் துப்பாக்கிகள் பெரும்பாலும் அந்த அமைப்பின் வழித்தோன்றல்களே.

உள்ளே நடப்பது சைக்கிள் பம்பின் வேலைதான். பம்பு அடிக்கும் கை மட்டும் வேறு. விசையை இழுத்தால் மோட்டார் சுழன்று மூன்று பல்சக்கரங்களைத் திருப்புகிறது. மூன்றாவதான செக்டர் கியருக்குச் சுற்றளவில் ஒரு பாதிக்குத்தான் பல் உண்டு. அந்தப் பற்கள் பிஸ்டனின் அடிவயிற்றுப் பற்களைப் பிடித்து அதைப் பின்னால் இழுக்கும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. பல் தீர்ந்த கணத்தில் பிடி விட்டுப்போகிறது. பிஸ்டன் முன்னால் பாய்கிறது, சிலிண்டருக்குள் இருக்கும் காற்று நாசில் வழியாகக் குண்டின் முதுகில் மோதுகிறது. ஆக, பேட்டரி குண்டைத் தள்ளுவதில்லை. பேட்டரி ஸ்பிரிங்கை அமுக்குகிறது, ஸ்பிரிங் காற்றை அமுக்குகிறது, காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. இந்தக் கை மாறும் இடங்களில் எங்கே ஒழுகினாலும் கடைசியில் பழி விழுவது ஸ்பிரிங் மேல்தான்.

ஜப்பானில் இந்தத் தொழிலுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கிறது. 2005 வாக்கில், திருத்தி வலுவேற்றிய காற்றுத் துப்பாக்கிகளால் ஓடும் கார்களைச் சுட்ட சம்பவங்கள் நாட்டையே உலுக்கின. 2006-இல் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். குண்டின் குறுக்குவெட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூலைத் தொட்டால் அது பொம்மை அல்ல, ‘அரைக் காற்றுத் துப்பாக்கி’ என்று ஆகிவிடும், வைத்திருப்பதே குற்றம். 6 மில்லிமீட்டர் குண்டுக்குக் கணக்குப் போட்டால் 0.989 ஜூல் வருகிறது. கடைகளும் களங்களும் 0.98 என்று வைத்துக்கொண்டிருக்கின்றன. களத்தில் காலையில் வரிசையில் நின்று ஒவ்வொருவரும் வேகமானியில் சுட்டுக் காட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

தென்ச்சோ எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் கணக்கு இதை ஒட்டியது. குண்டு 0.2 கிராம் என்றால், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும் எண்ணை அதாலேயே பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் ஜூல். 90 என்றால் 0.81. 95 என்றால் 0.90. 100 என்றால் சரியாக 1 ஜூல், அதாவது சட்டத்துக்கு வெளியே. 99-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும் அந்த நூலிழையில் நின்று வேலை செய்ய அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. குளிர்காலத்தில் கிரீஸ் இறுகி, ரப்பர் விறைத்து, 95 காட்டிய துப்பாக்கி ஆகஸ்ட் வெயிலில் இரண்டு மூன்று மீட்டர் ஏறி நிற்கும். சட்டப்படி அளப்பதும் 20 முதல் 35 டிகிரி வெப்பத்துக்குள்தான். “ஜனவரியில் அளந்தால் ஜூலையை நினைத்துக்கொண்டு அள” என்பார். கடையிலிருந்து வெளியே போகும் துப்பாக்கி 92, 93-க்கு மேல் போனால் அவர் முகம் சுளிக்கும்.

ஸ்பிரிங் பாக்கெட்டுகளில் எம்90, எம்100, எம்120 என்று அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணும் 0.2 கிராம் குண்டுக்கு வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பதையே குறிக்கிறது என்று தெரிந்ததும், எல்லாம் முடிந்துவிட்டது, 0.9 ஜூல் வேண்டுமென்றால் எம்95 எடுத்துப் போட வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. அதைக் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் எம்90 பாக்கெட்டுகள் மூன்றைப் பிரித்து மேசையில் போட்டு, வெர்னியரைக் கையில் கொடுத்தார். கம்பியின் தடிமன் மூன்றிலும் வேறு. சுற்றுகளின் எண்ணிக்கை வேறு. சும்மா கிடக்கும்போது உள்ள நீளம் ஒன்றுக்கொன்று ஒரு விரல் அகலம் வித்தியாசம். பாக்கெட்டில் உள்ள எண், அதை அச்சடித்தவர் தன் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தபோது கிடைத்த விளைச்சல். நம் துப்பாக்கிக்கு அது வாக்குறுதி அல்ல.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கல்லூரியிலிருந்து ஏனோ தூக்கி வந்திருந்த பிஎஸ்ஜி டிசைன் டேட்டா புத்தகத்தைப் புரட்டினேன். தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தைத் தெரியாமல் இருக்காது. தேர்வு அறைக்குள் கொண்டுபோக அனுமதித்த புத்தகம் என்பதால் அதை எல்லோரும் தலையணை மாதிரி மதித்தோம், படிக்கத்தான் இல்லை. அதில் சுருள் ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கம்பியின் விட்டம் அதில் நான்காம் அடுக்கில் வருகிறது. சுருளின் விட்டம் மூன்றாம் அடுக்கில் கீழே வகுக்கிறது, சுற்றுகளின் எண்ணிக்கையும் கீழே. 1.4 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 1.5 மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு மட்டும் முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். தேர்வில் பதினாறு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்த விஷயம், பத்து வருடம் கழித்து ஃபுனபாஷியில் ஒரு பொம்மைத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் உயிரோடு இருந்தது.

சூத்திரம் பாதிதான் சொல்லும். பல்சக்கரங்களும் பிஸ்டனும் இருக்கும் கியர்பாக்ஸ் பெட்டிக்குள் உட்காரும்போதே ஸ்பிரிங் ஓரளவு அமுங்கித்தான் உட்காருகிறது. இந்த முன்னழுத்தத்திலிருந்து தொடங்கி, பிஸ்டன் முழுக்கப் பின்னால் போகும் வரை அமுக்கும் வேலைதான் சேமிப்பில் சேருகிறது. விறைப்புக் குறைந்த நீளமான ஸ்பிரிங்கும், விறைப்புக் கூடிய குட்டை ஸ்பிரிங்கும் ஒரே வேகத்தைக் கொடுக்க முடியும். ஆனால் மோட்டாருக்கு இரண்டும் ஒன்றல்ல. குட்டையானது முதல் பல்லில் இளகியும் கடைசிப் பல்லில் முரண்டு பிடித்தும் நிற்கும். நீளமானது ஆரம்பம் முதல் ஏறக்குறைய ஒரே சுமை. பிஸ்டனின் பற்கள் எந்த இடத்தில் தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தே உள்ளே எந்த மாதிரி ஸ்பிரிங் இருந்தது என்று தென்ச்சோ சொல்லிவிடுவார்.

இனி அந்தப் பத்து எண்களுக்கு வருகிறேன். ஒருமுறை எம்4 வடிவத் துப்பாக்கி ஒன்று வந்தது, மாருயின் பழைய மாடல். அதன் சொந்தக்காரர் இளைஞர், கையிலேயே எம்100 ஸ்பிரிங் வாங்கி வந்திருந்தார். வேகமானி 72-இலிருந்து 81 வரை இங்கும் அங்குமாகக் காட்டியது. சராசரி 77 என்று நான் கணக்குப் போட்டேன். தென்ச்சோ சராசரியைப் பார்க்கவே இல்லை. “ஒன்பது மீட்டர் ஆட்டம்” என்றார். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எண்கள் எல்லாம் சேர்ந்து கீழே இறங்கும். இப்படி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுத்தால் காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பெட்டியைத் திறந்தோம். சிலிண்டரையும் அதன் தலையையும் நாசிலையும் தனியாக எடுத்துச் சேர்த்து, நாசிலின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளச் சொன்னார். நல்ல துப்பாக்கியில் பிஸ்டன் பாதி வழியில் நின்று, விட்டால் திரும்ப எழும்பும். இது புஸ்ஸென்று உள்ளே போய்விட்டது. பிஸ்டன் தலையின் ஓ-ரிங் உலர்ந்து சுருங்கிக் கிடந்தது. சிலிண்டர் தலையில் பழைய கிரீஸ் கறுத்துக் காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, புது ஓ-ரிங் போட்டு, சிலிண்டர் சுவரில் சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினோம். குழலின் பின்முனையில் குண்டைப் பிடித்துப் பின்சுழற்சி கொடுக்கும் ஹாப் ரப்பரையும் மாற்றினோம். அதன் உதட்டில் வெடிப்பு விட்டிருந்தது. ஸ்பிரிங் அதே பழைய ஸ்பிரிங். பூட்டிச் சுட்டபோது எண்கள் 89-க்கும் 91-க்கும் நடுவில் நின்றன.

இளைஞருக்கு மகிழ்ச்சி, ஆனாலும் வாங்கிய எம்100-ஐ என்ன செய்வது என்ற ஏக்கம் முகத்தில் தெரிந்தது. தென்ச்சோ அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றதன் சாரம்: “ஒழுகும் துப்பாக்கியில் இதைப் போட்டிருந்தால் இன்று உனக்கு 90 வந்திருக்கும். சந்தோஷமாகப் போயிருப்பாய். ஆறு மாதம் கழித்து எவனாவது ரப்பரை மாற்றியிருப்பான். அன்றைக்கு 100-ஐத் தாண்டியிருக்கும். உனக்குத் தெரிந்தும் இருக்காது.”

ஒழுகலை ஸ்பிரிங்கால் மூடி மறைப்பது கடனை வேறொரு நாளுக்குத் தள்ளி வைப்பது மட்டுமல்ல. அது விழும்போது சட்டத்தின் மேல் விழுகிறது. உள்விட்டம் 6.08 மில்லிமீட்டர் உள்ள குழலை எடுத்துவிட்டு 6.03 போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். இடுக்கு குறைந்தால் வேகம் ஏறும். அதனால் இங்கே வரிசை மாறாது. முதலில் காற்று, பிறகு ரப்பர், பிறகு குழல். இவை மூன்றும் ஒரு நிலைக்கு வந்த பின், கடைசியாக ஸ்பிரிங். வேகம் கூட்டுவதற்கு மட்டுமல்ல, குறைப்பதற்கும் அந்த நேரத்தில்தான் அதைத் தொடுவது. வாஸ்தவத்தில் கடையில் நாங்கள் மாற்றும் ஸ்பிரிங்குகளில் பெரும்பாலானவை பலத்தைக் குறைப்பதற்காகத்தான். அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைக்கென்று செய்த தைவான் துப்பாக்கிகளில் எம்110, எம்120 உட்கார்ந்திருக்கும். 120 என்றால் 1.44 ஜூல். அவற்றை இறக்காமல் இங்கே விற்க முடியாது.

அதிகம் வேகம் வேண்டும் என்பவர்கள் உண்மையில் கேட்பது தூரம். தூரத்தை ஸ்பிரிங்கில் தேடுவது வீண் என்பதை அவர்களுக்குப் புரியவைப்பதுதான் கடினம். இவ்வளவு இலேசான குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடுகிறது. ஐம்பது மீட்டர் போகிறதென்றால் அது பின்சுழற்சியின் தயவால், குண்டைத் தாங்கித் தூக்கும் மேக்னஸ் விளைவால். 90-ஐ 95 ஆக்கினால் தூரத்தில் கிடைக்கும் லாபத்தைவிட, ஹாப் ரப்பர் ஒழுங்காகக் குண்டை நடுவில் அமுக்கினால் கிடைக்கும் லாபம் பல மடங்கு.

ஸ்பிரிங்கை வெட்டலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. எம்100 கையில் இருக்கிறது, இரண்டு சுற்று வெட்டினால் எம்90 ஆகாதா? ஆகும், ஏறக்குறைய. ஒரு சுற்று போனால் விறைப்பு கொஞ்சம் கூடுகிறது, ஆனால் நீளம் குறைவதால் முன்னழுத்தம் அதைவிட அதிகமாகக் குறைகிறது. மொத்தத்தில் வேகம் இறங்கும். பலரும் செய்கிறார்கள். சிக்கல் வெட்டிய முனையில். தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பிரிங்கின் முனைச் சுற்று மடங்கித் தட்டையாக உட்காரும்படி இருக்கும். வெட்டிய முனை ஒரு பக்கம் தூக்கி நிற்கும், பிஸ்டனை ஒவ்வொரு அடியிலும் கோணலாகத் தள்ளும். சிலர் அந்த முனையைச் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பிறகு அது ஸ்பிரிங் இல்லை, கம்பி. தென்ச்சோ வெட்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாக வெட்டித்தானே ஓட்டினார்கள் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, “அப்போது கடையில் பத்து வகை ஸ்பிரிங் கிடையாது” என்று முடித்துவிட்டார்.

இவ்வளவு சொன்னதால் பலம் குறைந்த ஸ்பிரிங் எப்போதும் பத்திரமானது என்று நினைத்துவிடக் கூடாது. இது எனக்கே எதிர்பாராத பாடம். வினாடிக்கு இருபத்தைந்து குண்டு சுடும் ஹைசைக்கிள் துப்பாக்கிகள் இருக்கின்றன. மோட்டார் அவ்வளவு வேகமாகச் சுழலும்போது, பாய்ந்து போன பிஸ்டன் முன்னால் போய்ச் சேர்வதற்குள் செக்டர் கியரின் முதல் பல் அடுத்த சுற்றுக்கு வந்துவிடலாம். நடுவழியில் பிஸ்டனைப் பிடித்தால் பற்கள் பொடிப்பொடியாக நொறுங்கும். அங்கே காப்பாற்றுவது விறைப்பான ஸ்பிரிங்தான். அது பிஸ்டனைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறது. வேகம் ஏறாமல் இருக்க செக்டர் கியரில் சில பற்களை எடுத்துவிட்டு பிஸ்டனின் பயணத்தைச் சுருக்குவார்கள். விறைப்பைக் கூட்டி, தூரத்தைக் குறைத்து, சட்டத்துக்குள்ளேயே நிற்பது. மின்சாரத் துப்பாக்கி வேலையில் எனக்கு மிகவும் பிடித்த சமரசம் இது. மறுபக்கம், பலமான ஸ்பிரிங்கை வெறுமனே போட்டு ஓட்டினால் மோட்டார் சூடேறும், பேட்டரி திணறும், சுடும் வேகம் விழும். எம்4 வகைக்கான இரண்டாம் வடிவ கியர்பாக்ஸின் முன்பகுதியில், சிலிண்டர் ஜன்னலின் மூலையில் விரிசல் விடும். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் வந்து மோதுவது அந்த இடத்தில்தான்.

பராமரிப்பு என்று வரும்போது முதல் விதி கண்ணாடி போட்டுக்கொள்வது. அமுங்கிய ஸ்பிரிங்கோடு பெட்டியைத் திறந்தால், அதைப் பின்னாலிருந்து தாங்கும் ஸ்பிரிங் கைடு கூரைக்குப் பறக்கும். இரண்டாம் வடிவப் பெட்டியின் பின்புறத்தில் ஒரு துளை இருக்கிறது. அதன் வழியே திருப்புளியைச் செருகி ஸ்பிரிங் கைடைப் பிடித்துக்கொண்டுதான் மேல் ஓட்டைத் தூக்க வேண்டும். அதற்கும் முன்னால், பல்சக்கரம் பின்னால் திரும்பாமல் தடுக்கும் சின்னக் கொண்டியை விலக்கி ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றியாகிவிட்டதா என்பதை ஒவ்வொரு முறையும் தென்ச்சோ கேட்பார், தன் கையாலேயே கழற்றியிருந்தாலும்.

வெளியே எடுத்த ஸ்பிரிங்கைத் துணியால் துடைத்து, தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்ப்போம். வளைந்திருந்தால் தள்ளாடும். நட்டு நிறுத்தினால் சாயாமல் நிற்கிறதா, முனைச் சுற்று தட்டையாக இருக்கிறதா, சுருளின் வெளிப்பக்கம் எங்காவது பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். தேய்ந்திருந்தால் அது பிஸ்டனின் உள்சுவரில் உரசுகிறது. துருப் புள்ளி இருந்தால் பேச்சே இல்லை, குப்பைக்கூடை. ஜூன், ஜூலை மழைக்காலத்தில் இங்கே அலமாரியில் வைத்த தோலுக்கே பூஞ்சை பிடிக்கும். எஃகுக் கம்பியில் துரு தின்ற குழி ஒன்று போதும், லட்சக்கணக்கான முறை அமுங்கி எழும்போது முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகில் செய்தவையும் கிடைக்கின்றன. அதே அளவுகளில் வழக்கமான பியானோ கம்பியைவிடப் பத்தில் ஒரு பங்கு இளகியவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிரீஸைக் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். பல்சக்கரங்களுக்குப் போடும் கெட்டி கிரீஸில் விரல் நுனியால் தொட்டு, சுருள் முழுக்கப் படலமாக இழுத்துவிட்டால் போதும். அது துருவைத் தடுக்கிறது, சுடும்போது வரும் அந்தக் கிணுகிணுப்பையும் அடக்குகிறது. அப்பி வைத்தால் பிஸ்டனுக்குள் தெறித்து, சிலிண்டருக்குப் போய், ஓ-ரிங்கின் வேலையைக் கெடுக்கும். சிலிண்டருக்கு சிலிகான், உலோகமும் உலோகமும் உரசும் இடத்துக்கு லித்தியம் அல்லது மாலிப்டினம். இந்த இரண்டு டப்பாவும் மேசையின் இரண்டு முனைகளில் இருக்கும், நடுவில் சந்திக்கவே விடமாட்டார்.

சுருள் ஸ்பிரிங் அமுங்கும்போது தன் அச்சில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். முனைகள் சுழல இடம் இல்லையென்றால் அந்த முறுக்கு பிஸ்டனுக்குப் போய், அதன் பற்களைப் பல்சக்கரத்தின் ஓரத்தில் சாய்க்கும். அதற்காகத்தான் பேரிங் வைத்த ஸ்பிரிங் கைடு. நல்ல பொருள், வாங்கிப் போடலாம். ஆனால் பேரிங்குக்குத் தடிமன் உண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னழுத்தம் கூடிவிடும். ஸ்பிரிங்கைத் தொடாமலே வேகம் ஏறும். அதனால் அதைப் போட்ட பிறகு மறுபடி வேகமானி.

விளையாட்டு முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகும்போது செய்ய வேண்டியதை வாடிக்கையாளர்களிடம் சொல்வது இப்போது என் பொறுப்பு. தொடர்ந்து சுட்டுவிட்டு விசையை விட்டால், பல்சக்கரம் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்கும். ஸ்பிரிங் பாதி அமுங்கிய நிலையில் வாரக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். மேகசினைக் கழற்றி, பாதுகாப்பான பக்கம் குழலைத் திருப்பி, ஒவ்வொன்றாகச் சுடும் நிலைக்கு மாற்றி இரண்டு மூன்று முறை விசையை இழுத்தால் பெரும்பாலும் பிஸ்டன் முன்னால் போய் நிற்கும். எலக்ட்ரானிக் விசை உள்ள புதிய துப்பாக்கிகளில், விசையைத் தொட்டதும் சுட வேண்டும் என்பதற்காக ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் வசதி இருக்கிறது. களத்தில் இனிமை. அப்படியே பைக்குள் வைத்தால் வீட்டில் தூங்கும் நேரமெல்லாம் ஸ்பிரிங்கின் தளர்ச்சிக் கணக்கில் சேர்கிறது.

அந்தத் தளர்ச்சியை இங்கே ஹெதாரி என்கிறார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் ஸ்பிரிங்கை விற்பதற்கு முன்பே சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும் வரை அமுக்கி எடுத்துவிடுவார்கள். அடைய வேண்டிய தளர்ச்சியின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலேயே அடைந்துவிடும். மலிவானவற்றில் இந்த வேலை நடந்திருக்காது. புதிதாகப் போட்டதும் 94 காட்டும், சில ஆயிரம் குண்டுகளுக்குப் பிறகு 88-க்கு வந்து நிற்கும். இதனால்தான் தென்ச்சோவின் நோட்டில் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் இரண்டு வரி உண்டு: புதிதில் என்ன நீளம், என்ன வேகம், அடங்கிய பிறகு என்ன. இரண்டையும் அளப்பது, பக்கவாட்டில் கீறல் விழுந்த ஒரு பழைய எம்16 வடிவத் துப்பாக்கியில். விற்பனைக்கு இல்லாதது. அளக்கும் ஸ்பிரிங்கையும் ஓ-ரிங்கையும் ரப்பரையும் தவிர அதில் வேறு எதையும் மாற்ற யாருக்கும் அனுமதி கிடையாது. பாக்கெட்டில் உள்ள எண்ணை நம்பாதவருக்கு அந்தத் துப்பாக்கிதான் அளவுகோல். நோட்டில் இப்போது என் கையெழுத்தும் கலந்திருக்கிறது. எண்கள் மட்டும் ஜப்பானியர் எழுதும் விதத்தில் எழுத வேண்டும், என் 1-ஐயும் 7-ஐயும் பார்த்து அவர் இன்னும் குழம்புகிறார்.

ஸ்பிரிங்கை எப்போது மாற்றுவது என்பதற்கு நாள்கணக்கு கிடையாது. காற்று ஒழுகவில்லை, எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, ஆனால் எல்லாம் சேர்ந்து கீழே இறங்கியிருக்கின்றன; எடுத்துப் பார்த்தால் நோட்டில் உள்ளதைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை. இவ்வளவும் பொருந்தினால் மாற்றுவோம்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. சில ஸ்பிரிங்குகளில் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும். நெருக்கமான முனை எந்தப் பக்கம் போக வேண்டும்? ஓடும் பிஸ்டனோடு சேர்ந்து ஸ்பிரிங்கின் எடையில் ஒரு பகுதியும் ஓடுகிறது. கனமான முனையைப் பின்னால், கைடு பக்கம் நிறுத்தினால் ஓடும் எடை குறையும் என்பது என் கட்சி. பிஸ்டன் பக்கம் வைத்தால்தான் ஸ்பிரிங் நேராக நிற்கிறது, சத்தமும் குறைவு என்பது தென்ச்சோவின் கட்சி. பழைய எம்16-இல் இரண்டு விதமாகவும் போட்டுச் சுட்டுப் பார்த்தோம். வந்த வித்தியாசம் வேகமானியின் சாதாரண ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. நான் அதை நோட்டில் எழுதினேன். அவர் அதன் கீழே, அன்றைக்குக் குளிர் அதிகம், கோடையில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்.